பிரபலங்களின் வேர்களைத் தேடும் டிவி நிகழ்ச்சிகள்: பார்த்துக் கற்று, நம் குடும்பத்தைத் தேடத் தொடங்குவது எப்படி?

2009இல் பிரான்ஸ் அரசு 'ஹாரி பாட்டர்' எழுத்தாளர் ஜே. கே. ரௌலிங்குக்கு லெஜியன் தோனர் விருதை வழங்கியது. தன் கொள்ளுத்தாத்தா லூயி வோலானும் முதல் உலகப் போரில் காட்டிய வீரத்துக்காக அதே விருதைப் பெற்றவர் என்று அப்போது அவர் பெருமையோடு குறிப்பிட்டார். அவர் வீட்டில் காலங்காலமாகச் சொல்லிவந்த கதை அது. இரண்டு வருஷம் கழித்து, பிபிசியின் 'ஹூ டூ யூ திங்க் யூ ஆர்?' நிகழ்ச்சிக்காகப் பிரான்ஸுக்குப் போய்க் காகிதங்களைப் பார்த்தபோது, அந்த விருதை வாங்கியவர் அதே பெயர்கொண்ட வேறொரு ஆள் என்று தெரிந்தது. மனசு உடைந்துபோகும் இடம்தான். ஆனால் தேடல் அங்கே நிற்கவில்லை. ரௌலிங்கின் சொந்த லூயி வோலானுடைய ராணுவ ஆவணங்களைத் தொடர்ந்து போனதில், போர்முனையில் காட்டிய துணிச்சலுக்காக அவர் குரோய் த கேர் என்ற பதக்கம் வாங்கியிருந்தது தெரியவந்தது.

குடும்ப வரலாறு தேடப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்த அத்தியாயத்தைத்தான். வீட்டில் சொல்லும் கதையை எப்படிச் சோதிப்பது, ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் எப்படிப் பிரித்தறிவது, ஒரு வழி அடைத்தால் அடுத்த வழியை எப்படித் திறப்பது என்று மூன்று பாடங்களும் அதற்குள் இருக்கின்றன. இந்த வகை நிகழ்ச்சிகளை வெறும் பொழுதுபோக்காகப் பார்த்துவிட்டு எழுந்து போவது எனக்கு எப்போதும் வருத்தமாக இருக்கும். பின்னால் இருக்கும் வேலைமுறை யாரும் செய்யக்கூடிய ஒன்று. அதைத் திரையிலிருந்து எப்படிப் பிடித்துக்கொள்வது, பிறகு சொந்தக் குடும்பத்துக்கு எப்படிப் பயன்படுத்துவது என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

எந்த நிகழ்ச்சியில் தொடங்கலாம்?

இரண்டு நிகழ்ச்சிகள் போதும். முதலாவது, மேலே சொன்ன 'ஹூ டூ யூ திங்க் யூ ஆர்?'. 2004 அக்டோபரில் பிபிசி இரண்டாம் அலைவரிசையில் தொடங்கியது. முதல் அத்தியாயம் நகைச்சுவை நடிகரும் பறவை ஆர்வலருமான பில் ஓடியைப் பற்றியது. தன் அம்மா ஏன் மனநோயால் வீட்டைவிட்டுப் பிரிந்து மருத்துவமனையில் இருந்தார் என்பதே அவர் கேள்வி. முதல் அத்தியாயத்திலேயே அவ்வளவு கனமான விஷயத்தை எடுத்ததால்தான் இந்த நிகழ்ச்சிக்கு ஒரு மரியாதை வந்தது என்பது என் கருத்து. மக்களுக்குப் பிடித்துப்போய் 2006இல் பிபிசி முதல் அலைவரிசைக்கு மாறியது. அப்புறம் பல நாடுகள் இதே வடிவத்தை எடுத்துக்கொண்டன. அமெரிக்கப் பதிப்பு 2010இல் என்பிசி தொலைக்காட்சியில் வந்தது. நடிகை லிசா குட்ரோ அதன் தயாரிப்பாளர்களில் ஒருவர்.

இரண்டாவது, அமெரிக்காவின் பிபிஎஸ் தொலைக்காட்சியில் 2012 முதல் வரும் 'ஃபைண்டிங் யுவர் ரூட்ஸ்'. ஹார்வர்டு பேராசிரியர் ஹென்ரி லூயிஸ் கேட்ஸ் ஜூனியர் நடத்துகிறார். இதில் விருந்தினர் ஊர் ஊராகப் போவதில்லை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, நடுவில் தடிமனான ஒரு புத்தகம். பக்கத்தைப் புரட்டச் சொல்வார் கேட்ஸ். புரட்டினால் ஒரு ஆவணத்தின் படம் இருக்கும்.

தேடும் முறையைக் கற்க முதலாவது நல்லது. ஒரு ஆவணத்திலிருந்து அடுத்த ஆவணத்துக்கும் ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்கும் எப்படிப் போகிறார்கள் என்று கண்ணால் பார்க்கலாம். டிஎன்ஏ சோதனையைப் புரிந்துகொள்ளவும், பெயரே எழுதப்படாத மனிதர்களை எப்படித் தேடுவது என்று தெரிந்துகொள்ளவும் இரண்டாவது நல்லது.

நோட்டுப் புத்தகத்தோடு பாருங்கள்

ஒரு அத்தியாயத்தை இரண்டு முறை பார்க்க வேண்டும். முதல் முறை கதைக்காக. அழுகை, சிரிப்பு எல்லாம் அதில் முடிந்துவிடட்டும். இரண்டாம் முறை ரிமோட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். திரையில் ஆவணம் வரும்போதெல்லாம் நிறுத்தி, நோட்டில் மூன்று விஷயம் எழுதுங்கள்: என்ன சொன்னார்கள், எந்த ஆவணத்தை வைத்துச் சொன்னார்கள், அந்த ஆவணத்தில் இருப்பவர் இந்தக் குடும்பத்து ஆள்தான் என்று எப்படித் தெரிந்தது.

மூன்றாவதுதான் முக்கியம். அங்கேதான் புதியவர்கள் வழுக்குவார்கள். 'ஜான் ஸ்மித்' என்ற பெயர் பதிவேட்டில் இருப்பது பெரிய விஷயமில்லை. அந்த ஜான் ஸ்மித்தின் மனைவி பெயர், தொழில், முகவரி, பிள்ளைகளின் வயது ஆகியவை நமக்கு ஏற்கெனவே தெரிந்தவற்றோடு ஒத்துப்போகின்றனவா? நிகழ்ச்சி இதைச் சில நொடிகளில் தாண்டிவிடும். சில சமயம் சொல்லவே சொல்லாது. சொல்லாத இடத்தில் நோட்டில் ஒரு கேள்விக்குறி போட்டுவையுங்கள். நாலைந்து அத்தியாயம் இப்படிப் பார்த்தாலே இணைப்பு எங்கே உறுதியாக இருக்கிறது, எங்கே கதைசொல்லியின் குரல் இட்டு நிரப்புகிறது என்று கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும்.

கேமரா காட்டாதவற்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விருந்தினர் ஆவணக் காப்பகத்துக்குள் நுழையும் அந்த நாளுக்கு வெகு முன்பே ஆராய்ச்சிக் குழு வேலையை முடித்திருக்கும். மேசையில் சரியான பக்கம் திறந்திருப்பதற்கு முன்னால், யாரோ எத்தனையோ தவறான பக்கங்களைப் புரட்டியிருக்கிறார்கள். நாம் திரையில் பார்க்கும் அதிர்ச்சி உண்மையானது. அந்த வேகம் மட்டும் படத்தொகுப்பில் வந்தது. அதனால் முதல் மாதத்தில் ஒன்றுமே கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம்.

குடும்பத்தின் எல்லாக் கிளைகளையும் நிகழ்ச்சி காட்டாது என்பதும் முக்கியம். ஒவ்வொருவருக்கும் கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி வரிசையில் 8 பேர். அதற்கு முந்தைய எள்ளுத்தாத்தா, எள்ளுப்பாட்டி வரிசையில் 16 பேர். ஒரு மணி நேரத்துக்குள் சொல்ல முடிவது அவர்களில் இரண்டு மூன்று பேரின் கதை. எது சுவையோ அது திரைக்கு வரும். பிரிட்டனின் புகழ்பெற்ற பேட்டியாளர் மைக்கேல் பார்கின்சனின் குடும்பத்தை ஆராய்ந்துவிட்டு, கதை சுவாரசியமாக இல்லை என்று கைவிட்டுவிட்டார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். என்னைக் கேட்டால், அதுவும் முழுமையான குடும்ப வரலாறுதான். தலைமுறை தலைமுறையாக உழைத்து, பிள்ளை பெற்று, ஒரே வட்டாரத்தில் வாழ்ந்து முடித்தவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கு அதே அளவு உழைப்பு வேண்டும். அதே அளவு நிறைவும் அதில் உண்டு.

அதேபோல் ராஜ வம்சம் வெளிப்படும் அத்தியாயங்களையும் சரியான அளவில் எடுத்துக்கொள்ள வேண்டும். 2016இல் நடிகர் டேனி டையர் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்டின் வழிவந்தவர் என்று காட்டினார்கள். அவர் வாய்பிளந்து நின்ற காட்சி அழகானது. ஆனால் கணக்கைப் பாருங்கள்: 10 தலைமுறை பின்னால் போனால் மூதாதையருக்கான இடங்கள் 1,024. 20 தலைமுறை என்றால் 10 லட்சத்தைத் தாண்டுகிறது. மூன்றாம் எட்வர்ட் இறந்தது 1377இல். அவ்வளவு தூரம் போனால் இங்கிலாந்தில் நீண்டகாலமாக வேரூன்றிய ஏராளமான குடும்பங்கள் அவரிடம் போய்ச் சேரும். டையரின் அத்தியாயத்தில் அபூர்வம் எதுவென்றால், இடையிலுள்ள ஒவ்வொரு கண்ணிக்கும் ஆவணம் கிடைத்தது. ரத்தத்தைவிட அதைத்தான் நான் வியந்து பார்த்தேன்.

தேடலை உங்களிடமிருந்து தொடங்குங்கள்

சரி, இனி உங்கள் குடும்பம். புகழ்பெற்ற யாரோ ஒருவரை எடுத்துக்கொண்டு, அவரிடமிருந்து கீழே இறங்கி நம்மிடம் வந்துசேர முயல்வது பலர் செய்யும் தவறு. எப்போதும் கீழிருந்து மேலே போக வேண்டும். நீங்கள், உங்கள் பெற்றோர், அவர்களின் பெற்றோர் என்று ஒரு தலைமுறை உறுதியான பிறகே அடுத்தது.

கேட்ஸ் இந்த வேலையைத் தொடங்கியபோது அவருக்கு வயது 9. 1960இல் அவர் தாத்தா இறந்துபோனார். அந்தச் சமயத்தில் அப்பா அவருக்குப் பழைய படம் ஒன்றைக் காட்டினார். அடிமையாகப் பிறந்த ஜேன் கேட்ஸ் என்ற எள்ளுப்பாட்டியின் படம் அது. 1888இல் அவர் இறந்தபோது உள்ளூர்ப் பத்திரிகை அவரை மதிப்புக்குரிய பெண்மணி என்று எழுதியிருந்தது. சிறுவன் கேட்ஸ் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, அம்மாவையும் அப்பாவையும் உட்காரவைத்துப் பேட்டி எடுத்தார். அவ்வளவுதான் தொடக்கம். உங்களுக்கும் அதற்குமேல் எதுவும் தேவையில்லை.

பேட்டி எடுப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. பாட்டியிடம் "உங்க அப்பா எந்த வருஷம் பொறந்தார்?" என்று கேட்டால் பதில் வராது. "தெரியலையேப்பா" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார். ஒரு பழைய போட்டோவை எடுத்துக் கையில் கொடுங்கள். "இது யாரு? பக்கத்துல நிக்கறது? இது எந்த வீடு? அப்ப அந்த வீட்டுல யாரெல்லாம் இருந்தீங்க?" என்று கேளுங்கள். வீட்டைப் பற்றிக் கேட்டால் ஆட்கள் வருவார்கள். ஆட்களைப் பற்றிக் கேட்டால் கல்யாணம், சண்டை, நோய், வேலைமாற்றம் எல்லாம் வரும். வருஷத்தை நாம் பிறகு கணக்கிட்டுக்கொள்ளலாம். "உனக்கு முன்னாடி ரெண்டு வருஷம்", "அந்தப் பெரிய வெள்ளத்துக்கு மறு வருஷம்" என்று அவர்கள் சொல்வதே தேதிக்கான சாவி. போனில் பதிவு செய்யுங்கள், முன்கூட்டியே கேட்டுக்கொண்டு. போட்டோவின் பின்பக்கத்தையும் படம் எடுங்கள். பெயரும் ஸ்டூடியோ முத்திரையும் அங்கேதான் இருக்கும். ஒரே சம்பவத்தை இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். எங்கே முரண்படுகிறார்களோ அங்கே தேட வேண்டியது இருக்கிறது.

முதியவர்களிடம் பேசுவதைத் தள்ளிப்போடாதீர்கள். ஆவணம் நாளைக்கும் காப்பகத்தில் இருக்கும். லிசா குட்ரோவின் 2010 அத்தியாயத்தைப் பாருங்கள். அவர் கொள்ளுப்பாட்டி 1942இல் பெலாரஸின் இலியா என்ற ஊரில் நாஜிகள் நடத்திய படுகொலையில் இறந்தவர். போருக்குப் பிறகு யூரி என்ற உறவினர் ஒருவர் வந்து அந்தச் செய்தியைச் சொன்னது அவர் அப்பாவின் நினைவில் இருந்தது. அந்த ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு போனதில், இறந்திருப்பார் என்று குடும்பம் நினைத்திருந்த அந்த உறவினர் போலந்தின் கிடினியா நகரில் உயிரோடு இருப்பது தெரிந்தது. குட்ரோ நேரில் போய்ச் சந்தித்தார். அப்பாவிடம் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டிருந்தால், எந்தக் காப்பகமும் அந்த வாசலைத் திறந்திருக்காது.

ஒரே பெயர், வேறு ஆள்

ரௌலிங் கதைக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் நீங்களும் இதில் நிச்சயம் ஒருமுறை மாட்டுவீர்கள். பெயரும் வட்டாரமும் வயதும் கிட்டத்தட்ட ஒத்துப்போகும். மனம் உடனே "இவர்தான்" என்று சொல்லும். அதுவும் அந்த ஆள் பதக்கம் வாங்கியவராகவோ பெரிய பதவியில் இருந்தவராகவோ இருந்துவிட்டால், சோதிக்கவே தோன்றாது.

நான் பின்பற்றும் விதி இது: ஒருவரைக் குடும்ப மரத்தில், அதாவது வம்சாவளி வரைபடத்தில், சேர்க்கும் முன், பெயரைத் தவிர இன்னும் மூன்று விவரங்கள் ஒத்துப்போக வேண்டும். பிறந்த இடம், தொழில், துணைவர் பெயர், உடன்பிறந்தவர் பெயர், முகவரி, கையெழுத்து என்று எதுவாகவும் இருக்கலாம். அதோடு, எதிர்ப்பக்கத்திலிருந்தும் பாருங்கள். அந்த இன்னொரு ஆளுக்குத் தனியாக ஒரு வாழ்க்கை இருக்கிறதா? வேறு மனைவி, வேறு இறந்த தேதி கிடைத்துவிட்டால் அவர் நம் ஆள் இல்லை. ரௌலிங் விஷயத்தில் விருதுக் கோப்பில் இருந்த மற்ற விவரங்கள் பொருந்தாமல் போனதால்தான் உண்மை வெளிப்பட்டது.

இணையத்தில் பிறர் போட்டுவைத்திருக்கும் குடும்ப மரங்களிலும் இதே எச்சரிக்கை வேண்டும். குடும்ப வரலாற்று இணையதளங்களில் ஃபேமிலிசர்ச் இலவசம், ஆன்செஸ்ட்ரி, ஃபைண்ட்மைபாஸ்ட் சந்தா கட்ட வேண்டியவை. மூன்றிலும் ஆவணங்களின் படங்கள் உண்டு. அவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவர் வரைந்த மரத்தைத் துப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் செய்த பிழையை நூறு பேர் நகலெடுத்திருப்பார்கள். நூறு பேர் சொல்வதால் அது உண்மையாகிவிடாது. பதிவேட்டின் தட்டச்சுச் சுருக்கம் கிடைத்தாலும் நிற்காமல் மூலப் பக்கத்தின் படத்தைத் திறந்து பாருங்கள். கையெழுத்தைத் தப்பாகப் படித்துத் தட்டச்சு செய்திருப்பது சகஜம். அதே பக்கத்தில் அக்கம்பக்கத்து வீட்டில் மாமனார் குடும்பம் இருப்பதும் சகஜம்.

திரையில் வரும் ஆவணங்களைப் படிக்க

நிகழ்ச்சிகளில் அடிக்கடி வருவது சென்ஸஸ் எனும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. பிரிட்டனில் பத்து ஆண்டுக்கு ஒருமுறை எடுத்த கணக்கில், 1841 முதல் பெயர்களோடு கிடைக்கிறது. ஆனால் 1841ஐ நம்பி வயதைக் குறிக்காதீர்கள். 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 39 வயதுக்காரர் 35 என்று இருப்பார். ஒரு வீட்டில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் என்ன உறவு என்பதும் அதில் இருக்காது. அந்த இரண்டையும் 1851 சரிசெய்கிறது. பிறந்த ஊரையும் சொல்கிறது. பிறப்பு, திருமணம், இறப்பை அரசே பதிவுசெய்வது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837 ஜூலையில் தொடங்கியது. அதற்கு முன்னால் என்றால் தேவாலயப் பதிவேடுகள்தான்: ஞானஸ்நானம், திருமணம், அடக்கம். அவை 1538 வரை பின்னால் போகின்றன, பல ஊர்களில் இடையிடையே தொலைந்துபோய்.

அமெரிக்கக் கணக்கெடுப்பு 1790இல் தொடங்கியது. ஆனால் 1840 வரை குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே. மற்றவர்கள் எண்ணிக்கையாக இருப்பார்கள். அடிமையாக இல்லாத எல்லோரின் பெயரும் 1850 முதல் வருகிறது. குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்பது 1880 முதல். இந்த வருஷங்களைத் தெரிந்துகொண்டு பார்த்தால், கேட்ஸ் ஏன் ஒரு குறிப்பிட்ட ஆண்டின் கணக்கை எடுத்து நீட்டுகிறார் என்று புரியும்.

காணாமல் போன ஆவணங்களும் உண்டு. அமெரிக்காவின் 1890 கணக்கெடுப்பின் பெரும்பகுதி 1921இல் நடந்த தீவிபத்தில் நாசமானது. இங்கிலாந்து, வேல்ஸின் 1931 கணக்கெடுப்பு 1942இல் எரிந்தது. போர் காரணமாக 1941இல் கணக்கெடுப்பே இல்லை. முதல் உலகப் போரில் பங்கேற்ற பிரிட்டிஷ் சிப்பாய்களின் பணிக்கோப்புகளில் பாதிக்கும் மேல் 1940 குண்டுவீச்சில் அழிந்தன. டப்ளின் ஆவணக் காப்பகம் 1922இல் எரிந்தது. உங்கள் நாட்டிலும் இப்படி ஏதாவது நடந்திருக்கலாம். ஒரு ஆவணம் கிடைக்காதபோது, "என் முன்னோர் அங்கே இல்லை" என்று முடிவுகட்டும் முன், அந்த ஆவணத் தொகுப்பே தப்பிப் பிழைத்ததா என்று காப்பகத்தில் கேளுங்கள். பிழைக்கவில்லை என்றால் உயில், நிலப் பத்திரம், பள்ளிச் சேர்க்கை, கல்லறை, பழைய பத்திரிகை, வரிப் பட்டியல் என்று பக்கவழிகள் இருக்கின்றன.

காப்பகத்துக்கு நேரில் போகிறவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. திரையில் சிலர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு பழைய தாளைத் தொடுவார்கள். பெரும்பாலான காப்பகங்கள் தாளுக்குக் கையுறை வேண்டாம், கழுவி உலர்த்திய கை போதும் என்கின்றன. கையுறையோடு புரட்டினால் ஓரம் கிழியும். புகைப்படங்களுக்குத்தான் கையுறை. பேனா கொண்டுபோகாதீர்கள், பென்சில் மட்டும்.

1870 என்ற சுவர்

'ஃபைண்டிங் யுவர் ரூட்ஸ்' நிகழ்ச்சியில் ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் வரும் அத்தியாயங்களில் ஒரு ஆண்டு திரும்பத் திரும்ப வரும்: 1870. உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமைமுறை ஒழிந்த பிறகு எடுத்த முதல் கணக்கெடுப்பு. முன்பு அடிமைகளாக இருந்தவர்கள் பெயரோடும் குடும்பப் பெயரோடும் முதன்முறையாக அதில் பதிவானார்கள். அதற்கு முந்தைய 1850, 1860 ஆண்டுகளின் அடிமைப் பட்டியல்களில் முதலாளியின் பெயர் இருக்கும். அதன் கீழே வயது, பால், நிறம் என்று வரிவரியாக இருக்கும். பெயர் இருக்காது. மனிதர்களை அப்படிப் பட்டியலிட்ட தாளைத் திரையில் பார்க்கும்போது நான் ஒவ்வொரு முறையும் நிறுத்திவிட்டுச் சற்று நேரம் கழித்துத்தான் தொடர்வேன்.

இந்தச் சுவரை எப்படித் தாண்டுகிறார்கள் என்பது இந்த நிகழ்ச்சியில் கற்கவேண்டிய மிகச் சிறந்த பாடம். நம் ஆளை நேராகத் தேட முடியாததால், அவரைச் சொத்தாக வைத்திருந்தவரைத் தேடுகிறார்கள். 1870இல் பக்கத்தில் வாழ்ந்த நிலவுடைமையாளர்கள் யார், அதே குடும்பப் பெயர் யாருக்கு இருந்தது என்று பார்த்து, அவர்களின் உயில்களையும் சொத்துப் பட்டியல்களையும் எடுக்கிறார்கள். மாடு, வண்டி, கலப்பை என்று எழுதிவரும் பட்டியலின் நடுவே ஒரு பெண்ணின் பெயரும் அவள் குழந்தையின் பெயரும், எதிரே ஒரு தொகையும் இருக்கும். விடுதலைக்குப் பின் 1865 முதல் 1874 வரை, விடுதலை பெற்றவர்களுக்காக இயங்கிய ஃப்ரீட்மென்ஸ் வங்கியின் கணக்குப் பதிவேடுகளில், கணக்குத் தொடங்கியவர் தன் பெற்றோர், உடன்பிறந்தார் பெயர்களைச் சொல்லி எழுதவைத்தது உண்டு. பிரிக்கப்பட்ட குடும்பங்கள் அங்கே சேர்ந்து நிற்கும்.

இசைக்கலைஞர் குவெஸ்ட்லவ்வின் 2017 அத்தியாயம் இதன் உச்சம். அவருடைய முன்னோர் ஒருவர் 1860இல் அலபாமாவின் மொபீலுக்குக் கள்ளத்தனமாக வந்த கிளோடில்டா கப்பலில் கொண்டுவரப்பட்டவர் என்று காட்டினார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவதை அமெரிக்கா 1808இலேயே தடைசெய்திருந்தது. கப்பலின் பெயர்வரை தெரிந்துகொள்ளும் வாய்ப்பு மிக மிகச் சிலருக்கே கிடைக்கும்.

நேராகத் தேட முடியாத ஆளை, அவரைச் சுற்றியிருந்தவர்கள் வழியாகத் தேடும் இந்த முறை எந்தக் குடும்பத்துக்கும் உதவும். உங்கள் பூட்டனின் பெயர் எங்கும் இல்லையா? அவருடைய முதலாளி, பக்கத்து வீட்டார், அண்ணன் தம்பி, கல்யாணச் சாட்சிகள் ஆகியோரைத் தேடுங்கள்.

டிஎன்ஏ சோதனை செய்யலாமா?

முதலில் காகிதம், பிறகுதான் டிஎன்ஏ. காகித மரம் இல்லாமல் டிஎன்ஏ முடிவை மட்டும் வைத்துக்கொண்டால், முன்பின் தெரியாத உறவினர்களின் நீண்ட பட்டியல்தான் கையில் இருக்கும்.

அந்தப் பட்டியல் உறவை 'கசின்' என்ற ஒரே சொல்லால் எண் போட்டுச் சொல்லும். இதைத் தமிழில் மாற்றிக்கொண்டால் குழப்பம் தீரும். முதல் கசின் என்றால் இருவருக்கும் தாத்தா, பாட்டி ஒன்று. இரண்டாம் கசின் என்றால் கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி ஒன்று. மூன்றாம் கசின் என்றால் எள்ளுத்தாத்தா, எள்ளுப்பாட்டி ஒன்று. முதல் கசின்கள் சராசரியாக 12.5 சதவீதம் டிஎன்ஏவைப் பகிர்ந்துகொள்வார்கள். மூன்றாம் கசின்களில் சுமார் பத்தில் ஒன்பது ஜோடிகளுக்குத்தான் கண்டறியும் அளவு ஒற்றுமை இருக்கும். நான்காம் கசின் என்றால் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு. அதனால் டிஎன்ஏ பொருந்தவில்லை என்பதால் தூரத்து உறவு இல்லை என்று சொல்லிவிட முடியாது.

நிகழ்ச்சியில் வண்ண வட்டமாகக் காட்டும் வம்சப் பின்னணிச் சதவீதத்துக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பதில்லை. அந்த நிறுவனம் தன்னிடம் இருக்கும் மாதிரிகளோடு ஒப்பிட்டுச் சொல்லும் மதிப்பீடு அது. மாதிரிகள் கூடினால் உங்கள் சதவீதமும் மாறும். டிஎன்ஏவின் உண்மையான பலம் உயிரோடிருக்கும் உறவினரோடு பொருத்திக் காட்டுவதில் இருக்கிறது. நகைச்சுவை நடிகர் லாரி டேவிட்டும் அமெரிக்க அரசியல்வாதி பெர்னி சாண்டர்ஸும் தூரத்து உறவினர்கள் என்று 'ஃபைண்டிங் யுவர் ரூட்ஸ்' 2017இல் காட்டியது அப்படித்தான். அமெரிக்க அதிபர் தேர்தல் சமயத்தில் சாண்டர்ஸ் வேடம் போட்டு நடித்துக்கொண்டிருந்தவர் டேவிட்.

ஆனால் டிஎன்ஏ சோதனைக்கான எச்சில் குழாயை அனுப்பும் முன் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். 2016இல் எல்எல் கூல் ஜே என்ற ராப் பாடகரின் சோதனை, அவருடைய அம்மா தத்தெடுக்கப்பட்டவர் என்று காட்டியது. அம்மாவுக்கே அதுவரை தெரியாது. உங்கள் டிஎன்ஏவில் பாதி அம்மாவுடையது, பாதி அப்பாவுடையது. நீங்கள் சோதித்தால் அவர்களையும் சோதித்ததாகத்தான் அர்த்தம். தரவுப் பாதுகாப்பையும் யோசியுங்கள். டிஎன்ஏ சோதனை செய்யும் 23அண்ட்மீ நிறுவனத்தில் 2023இல் நடந்த ஊடுருவலில் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் வெளியாயின. 2025 மார்ச்சில் அது திவால் பாதுகாப்புக் கோரியது. கடவுச்சொல்லை மாற்றிவிடலாம், டிஎன்ஏவை மாற்ற முடியாது.

கசப்பானது கிடைத்தால்

கிடைக்கும். எந்தக் குடும்பத்திலும் கிடைக்கும். 2006இல் ஜெரமி பாக்ஸ்மனின் அத்தியாயம் வந்தது. அமைச்சர்களைக் கேள்விகளால் திணறடித்துவந்த செய்தியாளர் அவர். கிளாஸ்கோவில் வாழ்ந்த கொள்ளுப்பாட்டி, கணவனை இழந்து, பிள்ளைகளோடு வறுமையில் கிடந்ததையும், திருமணத்துக்கு வெளியே ஒரு குழந்தை பிறந்ததால் அவருக்குக் கிடைத்துவந்த ஏழையர் உதவியை நிறுத்திவிட்டதையும் படித்தபோது அவர் அழுதுவிட்டார். அந்தக் காட்சி அப்படியே ஒளிபரப்பானது.

நடிகர் பென் அஃப்லெக் வேறு முடிவெடுத்தார். 'ஃபைண்டிங் யுவர் ரூட்ஸ்' ஆராய்ச்சியில் அவருடைய முன்னோர் ஒருவர் அடிமைகளை வைத்திருந்தவர் என்று தெரிந்தது. அதைச் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். 2014இல் ஒளிபரப்பான அத்தியாயத்தில் அது இல்லை. 2015இல் சோனி நிறுவனத்தின் கசிந்த மின்னஞ்சல்கள் மூலம் விஷயம் வெளியே வந்தது. வெட்கப்பட்டதால் அப்படிக் கேட்டேன் என்று அஃப்லெக் பிறகு எழுதினார். பிபிஎஸ் விசாரித்து, தன் நெறிமுறைகள் மீறப்பட்டன என்று கூறி, அடுத்த சீசனைத் தள்ளிவைத்தது.

உங்கள் தேடலில் இதற்கு இரண்டு நிலைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். இறந்துபோனவர்களைப் பற்றியது என்றால், நல்லதோ கெட்டதோ, ஆவணம் சொல்வதை அப்படியே உங்கள் கோப்பில் எழுதிவையுங்கள். கொலை, ஜெயில், ஏமாற்று, இரண்டாம் குடும்பம் எதுவானாலும் சரி. எழுதாமல் விட்டால் அடுத்து தேடுகிறவர் அதே சுவரில் முட்டிக்கொள்வார். உயிரோடிருப்பவர்களைப் பாதிக்கும் விஷயம் என்றால், முதலில் அவரிடம் தனியாக, நேரில் சொல்லுங்கள். குடும்ப வாட்ஸாப் குழுவில் அது ஒருபோதும் முதலில் போகக் கூடாது. அவர் வேண்டாம் என்றால் கோப்பில் வைத்துப் பூட்டுங்கள்.

எழுதி வைக்கும் விதம்

கேட்ஸ் விருந்தினரிடம் நீட்டும் அந்தப் புத்தகத்தைப்போல ஒன்றை நீங்களும் செய்யலாம். ஒரு சாதாரண ஃபைல் போதும். ஒரு ஆளுக்கு ஒரு பக்கம். மேலே பெயர், பெயரின் எல்லா எழுத்து வடிவங்களோடும். கீழே தெரிந்த தேதிகள், வாழ்ந்த இடங்கள், தொழில். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அது எங்கிருந்து கிடைத்தது என்று எழுத வேண்டும்: எந்தப் பதிவேடு, எந்த ஆண்டு, எந்தப் பக்கம், அல்லது எந்த உறவினர் எந்தத் தேதியில் சொன்னார். இதை அன்றைக்கே எழுதாவிட்டால் ஆறு மாதம் கழித்து உங்களாலேயே கண்டுபிடிக்க முடியாது. வீட்டுக் கதைகளைத் தனி நிற மையில் எழுதுங்கள். ஆவணம் கிடைத்ததும் பக்கத்தில் ஒரு கோடு. பொய் என்று தெரிந்தாலும் கதையை அடிக்காமல், பொய் என்று எப்படித் தெரிந்தது என எழுதுங்கள்.

தெரியாத இடங்களைக் காலியாக விடுங்கள். ஊகத்தை நிரப்பினால் ஒரு வருஷம் கழித்து அது உங்களுக்கே உண்மைபோலத் தோன்றும். முதல் பக்கத்தில் உங்கள் பெயர், இரண்டாவதில் அம்மா, மூன்றாவதில் அப்பா, அப்புறம் நான்கு தாத்தா பாட்டிகள். இந்த ஏழு பக்கங்களையும் உங்கள் நினைவிலிருந்து இன்றே எழுதிப் பாருங்கள். பாட்டிகளின் பக்கத்தில்தான் பேனா முதலில் நிற்கும், பெரும்பாலும் அவர்களுடைய அம்மாவின் பெயரில். அந்தப் பெயரைத் தெரிந்தவர் உங்கள் குடும்பத்தில் இன்னும் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து, அவருக்குப் போன் செய்யுங்கள்.